நான்காவது பதவியில் கொதித்த வண்டி

கேள்வியாரின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் கையில் நேரத்தையும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். போனட்டைத் திறப்பதற்கு முன்னால் மனிதர் குறைந்தது அரைமணி நேரம் விசாரணை நடத்துவார். சூடானது ஏற்றத்திலா, சமதரையிலா? ஏசி ஓடியதா? சூடு காட்டும் முள் மெல்ல ஏறியதா, ஒரே தாவாகத் தாவியதா? உடனே தண்ணீர் ஊற்றினீர்களா? ஊற்றச் சொன்னது யார்? அந்த ஆளுக்கு என்ன தொழில்? "வாடகைக்கு வீடு விடுறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்று ஒரு லாரிக்காரர் நொந்துபோய்ச் சொன்னார். அன்று ஒட்டிக்கொண்டதுதான் கேள்வியார் என்கிற பெயர். பெற்றோர் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் மிச்சமிருக்கிறது.

வீண் விசாரணை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பள்ளி வேன் காலையில் மட்டும் கொதித்தது. மூன்று பட்டறைகள் மூன்று விதமான பாகங்களை மாற்றிப் பார்த்துக் கைவிட்டன. இவர் கேட்ட பதினேழாவது கேள்வியில் உண்மை வெளியே வந்தது. அந்த டிரைவர் காலை அவசரத்தில் ஹேண்ட் பிரேக்கைப் பாதிதான் இறக்குகிறார். எஞ்சின் பாவம், தன் பிரேக்கையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கேள்வியார் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. அந்த வேனின் கதையை அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்த ஒருவர்கூடக் கேட்காமல் தப்பித்ததில்லை.

"மாத்திப் பார்ப்போம்" என்கிற வார்த்தைதான் அவருக்குப் பிடிக்காத வார்த்தை. மாற்றிப் பார்க்கிறவனெல்லாம் மெக்கானிக் இல்லை, கடைக்காரன் என்பார். முப்பது வருஷத்தில் தான் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று அவருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை எழுதியவரும் சரிபார்த்தவரும் அவரேதான் என்றாலும், உண்மையில் அதில் பெரிய பொய் கிடையாது. அந்தப் பெயர்தான் அவருக்குச் சொத்து. தகரக் கூரை, வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்க ஒரு குழி, கம்பி வலை இல்லாத ஒரு மின்விசிறி, கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் அடுக்கிவைக்கும் நசுங்கிய தட்டுகள் ஆறு. மற்றபடி அங்கே வேறொன்றும் இல்லை.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் தலைவரின் கார் வந்து சேர்ந்தது.

தலைவர் என்றால் வணிகர் நலச் சங்கத்தின் தலைவர். அவருடைய காரின் டிரைவர், கேள்வியாருடைய தங்கையின் கணவர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வேலையோடு தலைவர் வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளும் சேர்ந்து கிடைத்தன. தங்கை, கணவன், இரண்டு குழந்தைகள் அதில் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் பணிவு என்று நினைக்கிறவர். தீப்பிடித்தாலும் "தீப்பிடிச்சிருக்கா?" என்று யாராவது கேட்டால்தான் ஆமாம் என்பார்.

கார் சூடாகிறது. சும்மா சூடாகவில்லை, ஊருக்கு வெளியே இருக்கும் நீண்ட ஏற்றத்தில் பாதி ஏறியதும் முள் சிவப்புக்குப் போய், போனட்டிலிருந்து ஆவி கிளம்பி, தலைவர் நடுரோட்டில் இறங்கி நிற்க வேண்டியதாகிறது. வேஷ்டி சட்டையோடு, கையில் மாலையோடு, போகிற வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டபடி அவர் நின்றிருக்கிறார். இதே குற்றத்துக்காக முந்தைய டிரைவரை அவர் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். வண்டி கொதித்தால் டிரைவர் சரியில்லை என்பது அவருடைய கட்சி.

"கியர் சரியாப் போடத் தெரியாதவன். அவனை அனுப்பிட்டு உன்னை எடுத்தா நீயும் அதையே பண்ற" என்றாராம் மாப்பிள்ளையிடம். "அடுத்த மாசம் முதல் ஞாயிறு சங்கக் கட்டடத் திறப்பு. பெரிய மனுஷங்க என்கூட வண்டியில வர்றாங்க. அன்னிக்கு மட்டும் கொதிச்சுதுன்னா, சாவியைக் கொடுத்துட்டு ரூமைக் காலி பண்ணிடு."

அன்று மாலை தங்கை பட்டறைக்கே வந்துவிட்டாள். எண்ணெய்க் கறை படிந்த ஸ்டூலில் உட்காரவும் மனமில்லாமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணே, அவர் ஒரு தப்பும் பண்ணலை. நீங்கதான் பார்த்துச் சரிபண்ணணும். வேலை போனா வீடும் சேர்ந்து போயிடும். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நாங்க எங்க போறது?"

"நான் பார்த்தா முடிஞ்சுது. நீ போய் நிம்மதியாத் தூங்கு" என்றார் கேள்வியார். முப்பது வருஷ அனுபவம் இருக்கும் வாய் அது, அப்படித்தான் பேசும்.

முதல் தடவை வண்டி வந்தபோது அறுபது கேள்விகள் கேட்டார். ரேடியேட்டரை அவிழ்த்துப் பார்த்தார், அடைப்பு இல்லை. மூடி அழுத்தம் தாங்குகிறது. மின்விசிறி சரியான நேரத்தில் சுற்றுகிறது. தண்ணீர் பம்ப் ஒழுகவில்லை. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கும், அதுவும் இல்லை. தானே ஓட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் மூன்று தடவை ஏறி இறங்கினார். முள் நடுவிலேயே பொம்மை மாதிரி நின்றது. "ஒண்ணுமில்லை, நல்ல வண்டி" என்று அனுப்பினார். இரண்டாம் நாள் தலைவர் அதே ஏற்றத்தில் ரோட்டில் நின்றார்.

இரண்டாம் தடவை, ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார். பழையதில் ஒரு குறையும் இல்லை என்பது அவருக்கே தெரியும். தன் வாழ்க்கையில் முதன்முதலாக மாற்றிப் பார்த்தார். அந்த வெட்கத்தில் அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது முள் மறுபடியும் நடுவிலேயே நின்றது. தலைவர் ஏறி உட்கார்ந்ததும் கொதித்தது.

"மச்சானும் மச்சானும் சேர்ந்து என் வண்டியை வச்சு விளையாடுறாங்களா?" என்று தலைவர் சங்க அலுவலகத்தில் நாலு பேர் எதிரில் கேட்டதாகச் சேதி வந்தது. கேள்வியாருக்குச் சுருக்கென்றது.

அவருக்கு ஒன்று மட்டும் விளங்கியது. தலைவர் உள்ளே இருந்தால் வண்டி கொதிக்கிறது, இல்லாவிட்டால் கொதிப்பதில்லை. ஒரு மனிதனின் ராசி எஞ்சினைச் சூடாக்கும் என்று நம்ப அவருடைய தொழில் இடம் கொடுக்கவில்லை. ஆகவே தலைவரைத் தராசில் போடுவது போல யோசித்தார். தலைவரிடம் எஞ்சினுக்குப் புரியக்கூடியது என்ன இருக்கிறது? எடை. அப்புறம், ஏசியை முழுசாக வைக்கச் சொல்லும் பழக்கம். இரண்டு சிமெண்ட் மூட்டைகளைத் துண்டு விரித்துப் பின்னிருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டு, ஏசியை முழுசாகத் திருகி ஏற்றத்தில் ஓட்டினார். மூட்டைகள் தலைவரைவிட மரியாதையாக நடந்துகொண்டன. வழியில் போன் பேசவில்லை, டிரைவரைத் திட்டவில்லை. வண்டியும் கொதிக்கவில்லை.

"மாப்ள, அவர் ஏறினதும் நீ வேற மாதிரி ஓட்டுறியா?"

"இல்லை மச்சான்."

"வேற ரோட்டுல போறியா?"

"அதே ரோடுதான் மச்சான்."

"அவர் டிக்கியில ஏதாவது ஏத்துறாரா?"

"ஏத்தறதில்லை மச்சான். டிக்கியில இருக்கிறதை எடுக்கிறதுதான்."

கேள்வியார் அந்த நேரம் மூட்டையின் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கேள்வி கேட்கத் தெரிந்தவர் அந்தப் பதிலைக் காதில் வாங்கவில்லை. எதை எடுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; இவருக்குச் சறுக்கியது காதில்.

மூன்றாம் தடவையும் நான்காம் தடவையும் இப்படியே கொதித்த பிறகு, தலைவரோடு தானும் வண்டியில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். சீட்டில் கறை படும் என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் ஒரு காலை நேரத்தில் பஸ் ஏறிப்போய், அந்த ஏற்றத்தின் பாதியில், ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றுகொண்டார். அங்கேயிருந்து பார்த்தால் ரோடு நேராகக் கீழே போகும். ஒன்பதேகாலுக்குத் தலைவரின் கார் அடியில் திரும்பி, அவரை நோக்கி ஏறி வந்தது.

கேள்வியார் அந்தக் காரைத் தன் பட்டறையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அதன் அடிவயிறுகூட அவருக்கு அத்துப்படி. ஆனால் தலைவரைச் சுமந்துகொண்டு எதிரே வரும் காரை அன்றுதான் பார்க்கிறார். காரின் முகத்தையே காணோம். முன்பக்கக் கிரில் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு வரைக்கும், சிவப்பு எழுத்துகளோடு ஒரு பித்தளைப் பலகை வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. பலகையில் ஐந்து வரிகள். தலைவர், வணிகர் நலச் சங்கம். கௌரவ ஆலோசகர், நூலகக் குழு. புரவலர், இளைஞர் விளையாட்டு மன்றம். நிரந்தர உறுப்பினர், சாலைப் பாதுகாப்புக் குழு. கடைசி வரியில் முன்னாள் பொருளாளர், வணிகர் நலச் சங்கம். ரேடியேட்டருக்குப் போக வேண்டிய காற்று முழுவதையும் தலைவரின் பதவிகள் மறித்துக்கொண்டிருந்தன.

சரியாகப் பஞ்சர் கடைக்கு எதிரே ஆவி கிளம்பியது. தலைவர் இறங்கி, சாலைப் பாதுகாப்புக் குழுவின் நிரந்தர உறுப்பினராக நடுரோட்டில் நின்றார். கேள்வியார் பஞ்சர் கடைக்குள் போய், அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மதியம் மாப்பிள்ளை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது பலகை இல்லை.

"அது எங்க மாப்ள?"

"டிக்கியில மச்சான், துணியில சுத்தி வச்சிருக்கேன். அவர் வண்டியில இல்லாதப்போ அவர் பேரு ரோட்டுல போகக் கூடாதுன்னு உத்தரவு. ஏறும்போது மாட்டுவேன், இறங்கினதும் கழட்டிடுவேன்."

"ஏன்யா, இதை ஒரு தடவை சொன்னா என்ன?"

"நீங்க கேக்கலையே மச்சான்."

கேள்வியார் பலகையை எடுத்து மாட்டப்போனபோது மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. தலைவர் இல்லாமல் மாட்டினால் யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். சரி என்று அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒவ்வொரு வரியின் அளவுக்கு ஒரு பட்டை வெட்டிக்கொண்டார் கேள்வியார். ஒரு பட்டையைக் கிரில்லில் ஒட்டி ஏற்றத்தில் ஏறினார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பட்டை, மூன்று பட்டை வரைக்கும் முள் கொஞ்சம் அசைந்து, நின்றது. நான்காவதை ஒட்டியதும் ஏறத் தொடங்கியது. ஐந்தாவதில் சிவப்பு.

"மூணு பதவி வரைக்கும் எஞ்சின் தாங்குது மாப்ள. நாலாவதுலதான் கொதிக்குது. அந்தக் கடைசி ரெண்டு வரி எப்போ எழுதினது?"

"போன வருஷம் மச்சான். அதுக்கப்புறம்தான் பழைய டிரைவரை அனுப்பினாங்க."

வேலை போன அந்த மனிதரை நினைத்தபோது கேள்வியாரின் சிரிப்பு நின்றுவிட்டது. கியர் போடத் தெரியாதவன் என்கிற பெயரோடு அவர் எங்கே வேலை தேடி அலைகிறாரோ தெரியவில்லை.

அடுத்த நாள் இருவரும் தலைவரைப் பார்க்கப் போனார்கள். வீட்டின் முன்னறையில் மூன்று சுவர்களிலும் தலைவர் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார். நான்காவது சுவரில் ஜன்னல் இருந்ததால் அது தப்பித்தது. கேள்வியார் அட்டைப் பட்டைகளை மேஜையில் அடுக்கி, விஷயத்தை நிதானமாக, பதவி என்ற சொல்லே வராமல், காற்று, ரேடியேட்டர், மறைப்பு என்று எடுத்துச் சொன்னார். மாப்பிள்ளை கதவோரம் தரையைப் பார்த்தபடி நின்றார்.

தலைவர் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டார். அதுதான் ஆபத்து என்று கேள்வியாருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ரெண்டு வரியை எடுத்துட்டாப் போதும்ங்கிற."

"ஆமாங்க."

"எந்த ரெண்டை?"

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பதவிகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்துப் பார்த்தார். நூலகத்துக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் அதை எடுத்தால் படிக்காதவன் என்பார்கள். முன்னாள் பொருளாளரை எடுத்தால் இந்நாள் பொருளாளர் துள்ளுவார். ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்தப் பலகையை ஊரே பார்த்திருக்கு. இப்போ எடுத்தா, இத்தனை நாள் நடுரோட்டுல நின்னதுக்கு நான்தான் காரணம்னு ஆயிடும். ஒரு டிரைவரை வேற அனுப்பியிருக்கேன். யாரோ ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கணும் இல்லையா? உன் மாப்பிள்ளையா, நீயா, இல்ல நானா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

குரலில் கோபமே இல்லை. கடையில் மூன்று துணியை விரித்துப்போட்டு எது வேண்டும் என்று கேட்கிற தொனிதான். ஜன்னல் வழியே பின்பக்கக் கொடி தெரிந்தது. தங்கை குழந்தைகளின் பள்ளிச் சீருடைகளை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியாருக்கு அந்த மனிதரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தாங்க" என்றார் கேள்வியார். "வால்வைத் தலைகீழா மாட்டிட்டேன். அதான் கொதிச்சிருக்கு."

"அப்படிச் சொல்லு. மனுஷன்னா தப்பு பண்றதுதான். ஒத்துக்கிறதுதான் பெரிய குணம்" என்று தலைவர் அவரை மன்னித்தார்.

அதோடு கேள்வியார் விடவில்லை. பலகை இவ்வளவு உள்ளடங்கி இருப்பது தலைவரின் அந்தஸ்துக்குப் போதாது, ஒரு சாண் முன்னால் தள்ளி, லேசாக மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் தூரத்திலிருந்தே படிக்கலாம் என்று பவ்யமாக ஒரு யோசனை சொன்னார். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலையே கேள்வியார் நீளமான இரும்புக் கைகள் செய்து மாட்டினார். அந்த ஒரு சாண் இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போனது. அதுமுதல் எங்கே போனாலும் தலைவரின் பதவிகள் அவருக்கு ஒரு சாண் முன்னதாகவே போய்ச் சேர்ந்தன.

திறப்பு விழா அன்று வண்டி ஏற்றத்தில் கொதிக்காமல் ஏறியது. முள் நடுவிலேயே நின்றதை மாப்பிள்ளை இரண்டு கண்ணாலும் பார்த்தார். தலைவர் மேடையில் நேர்மையைப் பற்றிப் பேசும்போது, தன் கார் விஷயத்தையே உதாரணமாகச் சொன்னார். நம்ம ஊரில் பெரிய பெயர் எடுத்த ஒரு மெக்கானிக், ஒரு சின்ன வால்வைத் தலைகீழாக மாட்டிவிட்டு ஆறு மாதம் அலையவிட்டான், நான் கூப்பிட்டு விசாரித்ததும் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டான் என்றார். கூட்டம் கை தட்டியது.

வால்வு மாற்றியது இரண்டாம் தடவையில்தான். வண்டி கொதித்ததோ, கேள்வியார் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, பழைய டிரைவர் காலத்திலேயே. வால்வு தலைகீழாக இருந்தால் தலைவர் இல்லாதபோதும் வண்டி கொதிக்கும். இதையெல்லாம் யோசித்துப் பார்க்க அந்தக் கூட்டத்தில் ஒரு தலை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரிதான். பள்ளி வேன் டிரைவர் முதலில் வேறு பட்டறைக்குப் போனார். அப்புறம் லாரிக்காரர். வருகிற ஒன்றிரண்டு பேரும், கேள்வியார் விசாரிக்க ஆரம்பித்ததும், "அதெல்லாம் இருக்கட்டும், சரியா மாட்டுவீங்கல்ல?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

மூன்று வாரம் தங்கை பேசவில்லை. நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டாள். கேள்வியார் பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். வாசலில் கார் நின்றிருந்தது. கழுவித் துடைத்து, டயருக்குக்கூடப் பாலிஷ் பூசி, பளபளவென்று இருந்தது. சர்வீஸ் ஆகி வந்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"எங்க விட்டே மாப்ள?" என்றார் சாப்பிட உட்கார்ந்ததும்.

"மெயின் ரோட்டுல புதுசா ஒண்ணு திறந்திருக்காங்க மச்சான். தலைவர் அங்க விடச் சொன்னார்."

"அவர் சொல்லுவார். நீ ஒண்ணும் சொல்லலையா?"

"நான் என்ன சொல்ல முடியும் மச்சான். நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க."

தங்கை அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பேச வேண்டியதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தவள் மாதிரி, மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்க கண்ணைக் காட்டிட்டு ஒரு கண்ணாடி போட்டுக்கணும். வயசாகுதுல்ல. உங்க ஒரு கைத்தப்பால நாங்க பிள்ளைங்களோட தெருவுல நின்னிருப்போம். எனக்கு அப்போ வயிறு எரிஞ்சுதுதான், இல்லைன்னு சொல்லலை. இப்போ மனசுல ஒண்ணும் இல்லை. அண்ணன்தானே, வேணும்னேவா செஞ்சிருக்கப் போறீங்க?"

உண்மை அவளுக்குத் தெரியாது என்பது கேள்வியாருக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே வீட்டில் இவளோடு குடித்தனம் நடத்துகிறவர், நான்கு வாரமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், சின்னவனுக்கு ஒரு வாய் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை மாமனைப் பார்த்து வாய் நிறையச் சோற்றோடு சிரித்தது.

"சரிம்மா, நாளைக்கே போய்க் காட்டுறேன்" என்றார் கேள்வியார்.